திருமுழுக்குத் தொட்டிகளும் திருகோணமலைக் கற்களும்

முன்னுரை

கல்லை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து நாம் பெரும்பாலும் அதன் முதல் நிலையையே தேடுகின்றோம். செதுக்கியவர் யாவர், எவ்வரசன் காலத்தது, எக்கோயிலுக்கு உரியது என்பனவே எமது வழமையான வினாக்கள். அக்கல் பின்னர் உடைபட்டமையும், இடம்பெயர்ந்தமையும், வேறொரு கட்டடத்தில் வைத்துக் கட்டப்பட்டமையும் அதன் வரலாற்றுக்குப் புறம்பானவை போலவே கருதப்பட்டு வந்துள்ளன. இக்கருத்து மீள்நோக்கப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல் அடைந்த ஊனமும் கல்லின் சாசனமே.

இதனை நிறுவுதற்கு இங்கிலாந்தின் பழைய பங்குத் தேவாலயங்களிலுள்ள திருமுழுக்குத் தொட்டிகளை நாம் எடுத்துக்கொள்கின்றோம். திருகோணமலையைப் பற்றிய ஆய்வில் இவை இடம்பெறுவது வியப்பாகத் தோன்றலாம். எனினும் இரண்டு காரணங்கள் உள. முதலாவது, புனிதமெனப் போற்றப்பட்ட கல் புறந்தள்ளப்பட்டு, பிறிதொரு பயன்பாட்டுக்கு ஆளாகி, பின்னர் அடையாளங் காணப்பட்ட வரலாறு இவ்விரு இடங்களுக்கும் பொதுவானது. இரண்டாவது, இத்தொட்டிகளை ஆராய்ந்தோர் கையாண்ட முறை எமக்குப் பயன்படக்கூடியது. அம்முறையைத் தொடக்கியோர் ஒரு பல்கலைக்கழகச் சங்கத்தினர் என்பது எம்மனோர்க்கு ஊக்கந் தருவதாகும்.

ஆறும் கடலும் தொட்டியும்

திருமுழுக்கு, அஃதாவது ஞானஸ்நானம், தொடக்கத்தில் தொட்டியை வேண்டி நின்ற சடங்கன்று. யோர்தான் ஆற்றில் நிகழ்ந்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் அச்சடங்கு, ஓடும் நீரிலேயே நெடுங்காலம் நிகழ்ந்தது. சிரியா நாட்டின் துரா யூரோப்பஸ் என்னுமிடத்தில், கி.பி. 240ஆம் ஆண்டளவில் வழிபாட்டுக்கென மாற்றியமைக்கப்பட்ட வீடொன்றில் திருமுழுக்குக்கெனத் தனி அறை இருந்தமை அகழ்வினால் வெளிப்பட்டுள்ளது. உரோமை நகரின் இலாத்தரன் திருமுழுக்கு மண்டபம் எட்டுப் பட்டை உடையது. ஏழு நாட்களில் நிறைவுற்ற படைப்புக்கு அப்பாற்பட்ட எட்டாம் நாளை, அஃதாவது உயிர்த்தெழுதலை, எட்டு என்னும் எண் குறிக்கும் என அக்காலத்தோர் கொண்டனர். பிற்காலத்து இங்கிலாந்துத் தொட்டிகள் பல எண்கோணமாக அமைந்தமைக்கு இதுவே மூலமாகும்.

இங்கிலாந்தில் கி.பி. 627இல் நோதம்பிரிய மன்னன் எட்வின் யோர்க் நகரில் திருமுழுக்குப் பெற்றான். அவனுக்கு அதனை வழங்கிய போலினஸ், மக்களைக் கூட்டங்கூட்டமாக ஆறுகளில் முழுக்காட்டினார் என வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்துள்ளார். புதிதாக மதம் மாறிய வளர்ந்தோருக்கு ஆறு போதுமாயிருந்தது. ஊர்கள் நிலைபெற்று, ஊருக்கொரு தேவாலயம் எழுந்து, பிறந்த குழந்தைகளுக்கே அச்சடங்கு நிகழத் தொடங்கிய பின்னரே கற்றொட்டி இன்றியமையாததாயிற்று. எனவே தொட்டி என்பது சமயப் பரவலின் அறிகுறி என்பதைக் காட்டிலும், சமயம் ஊரமைப்புக்குள் நிலைகொண்டமையின் அறிகுறி எனல் பொருந்தும்.

எமது கடற்கரை வரலாற்றிலும் இவ்வரிசை முறையைக் காணலாம். 1535 – 1537 காலப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றபொழுது அங்குத் தொட்டியும் இல்லை, நிலையான கோயிலும் இல்லை. ஊருக்குரிய கோயிலும் பதிவேடும் தொட்டியும் பின்னரே வந்தன.

தொட்டியின் அமைப்பும் அதிகாரமும்

இடைக்கால இங்கிலாந்தில் தொட்டி வைத்திருத்தல் ஓர் உரிமையாகும். தாய்த் தேவாலயமே அவ்வுரிமையைப் பெற்றிருந்தது. அதன் கீழ் அமைந்த சிற்றாலயங்கள் பல தொட்டி வைத்தற்கு உரிமையற்றனவாய் இருந்தன. எவ்வூரில் தொட்டி இருந்ததோ அவ்வூரே பங்கின் தலைமை இடமாகும். ஒரு கல்லின் இருப்பே ஓர் ஆட்சியெல்லையைக் காட்டிற்று எனலாம்.

தொட்டி பெரும்பாலும் தேவாலயத்தின் மேற்குப் பகுதியில், வாயிலை அடுத்து வைக்கப்பட்டது. திருமுழுக்கு சபையினுள் நுழையும் வாயிலாகக் கொள்ளப்பட்டமையே இதற்குக் காரணம். நீர் ஊறிக் கசியாதவாறு கல்லின் உட்புறத்தில் ஈயத்தகடு பொதியப்பட்டது. அடியில் ஒரு துளை இருக்கும். மந்திரித்த நீர் கண்ட இடத்தில் கொட்டப்படாது அத்துளை வழியே நேரே மண்ணுள் இறங்கும். எமது கோயில்களில் திருமஞ்சன நீர் கோமுகி வழியாக முறைப்படி வெளியேறுதலை அறிந்த வாசகர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். ஆயினும் இரண்டும் ஒன்றென முடிவுகட்டுதல் தவறாகும். தீர்த்தமாடல் மீண்டும் மீண்டும் செய்யத்தக்கது. திருமுழுக்கோ வாழ்வில் ஒரு முறையே பெறப்படுவது. இவ்வேறுபாட்டினாலேயே தொட்டி பலர் நீராடும் குளமாக அன்றி, ஒரு குழந்தையை அமிழ்த்தும் அளவினதாக அமைந்தது.

12ஆம் நூற்றாண்டு இத்தொட்டிகளின் பொற்காலம். ஹெரபோட்சயரிலுள்ள ஈர்டிஸ்லி, காசில் புறூம் ஆகிய ஊர்களின் தொட்டிகள் பின்னிய கொடிகளும் வீரரும் விலங்குகளும் செறிந்த சிற்பங்களை உடையன. இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரிலிருந்து கடல்வழியாகக் கொணரப்பட்ட கருங்கல் தொட்டிகளுள் நான்கு ஹம்சயர் மாவட்டத்தில் உள்ளன. வின்செஸ்ரர் பேராலயத்துத் தொட்டி அவற்றுட் புகழ் பெற்றது. கென்ற் மாவட்டத்துப் புறூக்லண்ட் தொட்டி ஈயத்தால் வார்க்கப்பட்டது. பன்னிரு இராசிகளும் அவ்வத் திங்களுக்குரிய உழவர் தொழில்களும் அதன் புறத்தே காணப்படுகின்றன. கம்பிரியாவிலுள்ள பிறைட்கேர்க் தொட்டியில் ரூனிக் எழுத்தில் ஒரு சாசனம் உண்டு. றிக்காத் என்னும் பெயர் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. உளியும் சுத்தியலும் ஏந்திய சிற்பியின் உருவமும் அருகே உள்ளது. மன்னர் பெயரையே தாங்கும் சாசனங்களிடையே ஒரு தொழிலாளியின் பெயர் நிலைத்திருத்தல் அரிதான செய்தியாகும்.

தலைகீழான கற்கள்

எமது ஆய்வுக்கு இன்றியமையாத தொட்டிகள் அழகால் சிறந்தவை அல்ல. வேறொன்றாக இருந்து தொட்டியானவையே.

நோதம்பலண்ட் மாவட்டத்துச் சொலட்டன் தேவாலயத்தில் ஒரு தொட்டி உண்டு. அது உரோமர் காலத்துப் பலிபீடம். யூப்பிற்றர் தெய்வத்துக்கு உரியதாயிருந்த அக்கல்லைத் தலைகீழாக நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைக் குடைந்து தொட்டியாக்கினர். றொக்சற்றர் ஊர்த் தேவாலயத்தில் உரோமர் கட்டடத் தூணொன்றின் பகுதியே குடையப்பட்டுத் தொட்டியாயிற்று. டோசெற் மாவட்டத்து மெல்பரி பப் தொட்டியில் செதுக்கப்பட்ட விலங்குகள் அனைத்தும் தலைகீழாகக் காட்சி தருகின்றன. பழைய ஆங்கிலோ–சாக்சன் கற்றூண் ஒன்றைக் கவிழ்த்துக் குடைந்தமையே இதற்குக் காரணம்.

இச்செயலை வெற்றியின் அடையாளமாகவும் கொள்ளலாம். கல் கிடைத்தற்கு அரிதாயிருந்தமையால் நிகழ்ந்த சிக்கனமாகவும் கொள்ளலாம். இரண்டும் கலந்ததாகவும் இருத்தல் கூடும். எவ்வாறாயினும், பிற தெய்வத்துக்குரிய கல்லும் பயன்பாட்டில் தொடர்ந்தமையாலேயே அழியாது எஞ்சிற்று என்பது மறுக்கவொண்ணாதது. வயலிற் கிடந்திருப்பின் அக்கல் சுண்ணாம்பாகவோ வேலிக்கல்லாகவோ முடிந்திருக்கும். கவிழ்த்தவன் கையே காத்த கையுமாயிற்று. இம்முரணை உளங்கொண்டே கோணேசர் கோயிற் கற்களையும் நாம் அணுகவேண்டியுள்ளது.

பூட்டின் தழும்பும் உளியின் தழும்பும்

பழைய தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடங்கள் உடைந்திருத்தலைக் காணலாம். காலத்தால் நேர்ந்த சிதைவு என இதனைப் புறக்கணிப்போர் ஒரு முக்கிய சான்றை இழப்பர். மந்திரித்த நீர் தொட்டியிலேயே நெடுநாள் வைக்கப்பட்டது. அந்நீரைக் களவாக எடுத்துச் சூனியத்துக்குப் பயன்படுத்துவர் என்னும் அச்சம் நிலவிற்று. ஆகவே 1236இல் கன்ரபரிப் பேராயர் எட்மண்ட், தொட்டிகள் மூடிப் பூட்டப்படல் வேண்டும் என விதித்தார். மூடியைப் பூட்டுதற்காக விளிம்பில் இரும்புக் கொளுவிகள் ஈயம் உருக்கி இறுக்கப்பட்டன. பின்னாளில் அவை பிடுங்கப்பட்டபொழுது கல்லும் உடன் பெயர்ந்தது. இன்று காணும் இரு உடைவுகளும் அச்சத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே காட்டுவன.

15ஆம் நூற்றாண்டிலும் அதனை அடுத்தும் நோபோக், சபோக் பகுதிகளில் ஏழு திருவருட்சாதனங்களையும் செதுக்கிய எண்கோணத் தொட்டிகள் தோன்றின. ஏறத்தாழ 40 தொட்டிகள் இவ்வகையில் எஞ்சியுள்ளன. ஏழு பக்கங்களில் ஏழு சாதனங்களும், எட்டாம் பக்கத்தில் இயேசுவின் திருமுழுக்கோ சிலுவைக் காட்சியோ பிறிதொன்றோ இடம்பெற்றன. இவற்றுட் பலவற்றில் உருவங்களின் முகங்கள் மட்டும் சிதைக்கப்பட்டுள்ளன. சமயச் சீர்திருத்தக் காலத்தில் உருவ வழிபாட்டை எதிர்த்தோர் முகத்தையே முதன்மையாகத் தாக்கினர். சில ஊர்களில் சிற்பங்கள் சாந்து பூசி மறைக்கப்பட்டன. இது பணிந்து போன செயலா, சிற்பத்தைக் காத்த சூழ்ச்சியா என்று கூறுதல் எளிதன்று. ஆனால் சாந்தின் கீழ் இருந்த முகங்கள் தப்பின.

1643 – 1644 காலப்பகுதியில் வில்லியம் டௌசிங் என்பவர் கிழக்கு இங்கிலாந்துத் தேவாலயங்களுக்குச் சென்று உருவங்களை அகற்றும் பணியை மேற்கொண்டார். செய்தவற்றை அவரே நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். சபோக்கிலுள்ள அவ்போட் தேவாலயத்துத் தொட்டியின் மர மூடி, கோபுரம் போல் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் அரிய வேலைப்பாடுடையது. டௌசிங் அதனைக் கண்டு வியந்தே எழுதியுள்ளார். அம்மூடி இன்றும் உள்ளது. அழிப்பவரின் குறிப்பே அழியாத பொருளுக்குச் சான்றாய் நிற்கின்றது.

சட்டமும் தொட்டியும்

இங்கிலாந்து அரசுக்கும் தொட்டிக்கும் இடையிலான உறவு தனியே நோக்கத்தக்கது. 1538இல் தோமஸ் குரொம்வெல், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிவேட்டில் எழுதுமாறு ஆணையிட்டார். அன்று முதல் தொட்டியருகே நிகழ்ந்த சடங்கு அரசின் குடிப்பதிவுமாயிற்று. 1561இல் எலிசபெத் அரசியின் ஆணை தொட்டிகளை இடம்பெயர்த்தலைத் தடுத்தது. 1604இன் சபை விதிகளுள் 81ஆவது, ஒவ்வொரு தேவாலயத்திலும் கல்லாலாய தொட்டி பழைய இடத்திலேயே இருத்தல் வேண்டும் என்றது. இத்தகைய விதிகள் மீண்டும் மீண்டும் பிறந்தமையிலிருந்து, பல இடங்களில் தொட்டிகள் அகற்றப்பட்டுக் கிண்ணங்கள் அவற்றின் இடத்தைப் பெற்று வந்தன என நாம் ஊகிக்கலாம்.

உள்நாட்டுப் போர் மூண்ட பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1645இல் நாடாளுமன்றம் வெளியிட்ட வழிபாட்டு நெறிநூல், பழைய தொட்டிகள் நின்ற இடங்களில் திருமுழுக்கு நிகழ்தலை விலக்கி, சபையார் அனைவரும் காணும்படி அதனை நடத்தப் பணித்தது. தொட்டிகள் பல வெளியே தள்ளப்பட்டன. அவை பண்ணைகளிலும் தோட்டங்களிலும் மாட்டுத் தொட்டிகளாகவும் பூச்சட்டிகளாகவும் மாறின. ஈயத் தொட்டிகளுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 30 மட்டுமே. எளிதில் உருகுவதும் விலையுடையதுமான உலோகத்துக்கு நேரும் கதி அது. கல், விலை குறைந்தமையாற் பிழைத்தது.

1660இல் முடியாட்சி மீண்டபின் புதிய தொட்டிகள் பல நிறுவப்பட்டன. 1662இன் பொது மன்றாட்டு நூலில் வளர்ந்தோர்க்கான திருமுழுக்கு முறை புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு அந்நூலின் முன்னுரை காட்டும் காரணங்கள் கூர்ந்து நோக்கத்தக்கன. குழப்பக் காலத்தில் திருமுழுக்கின்றி வளர்ந்தோர் பெருகியமை ஒன்று. குடியேற்ற நாடுகளின் சுதேசிகளை மதம் மாற்றி முழுக்காட்டப் பயன்படும் என்பது மற்றொன்று. ஆங்கிலப் பங்கின் உள்வீட்டுச் சடங்காயிருந்த ஒன்று, கடல் கடந்த மக்களை நோக்கித் திரும்பிய தருணம் இதுவாகும். இங்கிருந்து நாமும் எமது துறைமுகத்துக்கு வரலாம்.

திருகோணமலைத் துறையில்

திருகோணமலைக்குத் திருமுழுக்கைக் கொணர்ந்தோர் ஆங்கிலேயர் அல்லர். அவர்க்கு முன்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்தனர். கோணமாமலை மீதிருந்த சிவாலயம் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. பாவநாசத் தீர்த்தம் அக்கோயிலின் தீர்த்தமாகத் தலபுராண மரபிற் போற்றப்படுகின்றது. நகருக்கு அணித்தான கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் ஆற்றிய இடமென்னும் ஐதிகத்தோடு இன்றும் உள்ளன. நீரால் தூய்மை பெறுதல் என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதியதன்று. புதியதாக வந்தது, அந்நீரோடு இணைந்த ஆட்சியதிகாரமே.

1622 – 1624 காலப்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்ரன்ரைன் டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் பின்பற்றிய சீர்திருத்த சபை, வாயிலருகே கற்றொட்டி வைக்கும் வழக்கத்தை விரும்பாது, சபையார் முன்னிலையில் பிரசங்க பீடத்தருகே கிண்ணத்தில் நீர் வைத்துத் திருமுழுக்கு வழங்கியது. 1645இல் ஆங்கில நாடாளுமன்றம் விரும்பியதும் ஏறத்தாழ இதுவே. ஒல்லாந்தராட்சியில் இலங்கைக் கரையோரங்களில் திருமுழுக்குப் பதிவு அரசாங்க உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் வழியாயிற்று. பாடசாலைத் தோம்புகளில் பெயர் ஏறுதல் பலருக்கு வாழ்க்கைத் தேவையாயிருந்தது. வீட்டினுள் திருநீறும் வெளியே திருமுழுக்குப் பெயருமாக வாழ்ந்தோர் தொகை சிறிதன்று. 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். சமயச் சார்பு வாழ்க்கைத் தேவையாக இல்லாதொழிந்தபொழுது, சீர்திருத்த சபையின் பதிவேட்டில் பெயரளவில் இருந்தோர் பெருந்தொகையாக அகன்றனர். நீரின் பின்னால் நின்ற அதிகாரம் விலகியதும் நீரும் உலர்ந்தது எனலாம். மனப்பூர்வமாக ஏற்றோர் தொடர்ந்து நிலைத்தனர். இம்மாவட்டத்தின் கிறித்தவ மரபு அவர்களாலேயே உயிர்பெற்றது. 1893இல் திருகோணமலை தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமாயிற்று.

ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1957 வரை இது பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. துறைமுக வாழ்வு தொட்டியின் வரலாற்றுக்கும் ஒரு விந்தையான இயலைச் சேர்த்துள்ளது. பிரித்தானியக் கடற்படையில், கப்பலின் மணியைக் கவிழ்த்து நீர் நிரப்பி அதனையே திருமுழுக்குத் தொட்டியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. முழுக்குப் பெற்ற குழந்தையின் பெயர் மணியின் உட்புறத்தில் பொறிக்கப்படும். கல்லைச் சுமக்கவியலாத கடலோடிகள் தம் மணியையே பங்குத் தொட்டியாக்கினர். ஊர் நிலைகொண்டபொழுது கல்லாகிய தொட்டி, ஊர் மிதந்தபொழுது வெண்கலமாயிற்று.

இங்கிலாந்துப் பங்குக்கும் எமது துறைக்கும் உள்ள தொடர்பை ஒருவர் வாழ்வு தெளிவாகக் காட்டும். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் 1779இல் ஹம்சயரின் ஸ்ரீவன்ரன் ஊரில் பிறந்தார். அவ்வூர்ப் பங்கின் குருவே அவர்தம் தந்தையார். கடற்படைத் தளபதியாக உயர்ந்த சாள்ஸ், 1852இல் பர்மாவில் உயிர்நீத்து, திருகோணமலையில் புனித ஸ்தேவான் இடுகாட்டில் அடக்கப்பட்டார். தமக்கையின் கல்லறையோ, முன்னர்க் குறிப்பிட்ட கருங்கல் தொட்டி நிற்கும் வின்செஸ்ரர் பேராலயத்தில் உள்ளது. ஒரு குடும்பத்தின் இரு கற்கள் இரு கரைகளில் கிடக்கின்றன. இவற்றுள் ஒன்று உலகறிந்தது. மற்றையதைத் தேடிச் செல்வோர் சிலரே.

கோணேசர் கோயிற் கற்கள்

இனி, தொட்டிகளிற் கற்ற பாடத்தை எமது கற்களிற் பொருத்திப் பார்ப்போம். 1803இல் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையின் வாயிற் கல்லில் சிதைந்த தமிழ்ச் சாசனம் ஒன்றும் இணைக் கயற் சின்னமும் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் தீர்க்கதரிசனமாக மரபு அதனைக் கொள்ளும். எழுத்துகள் அழிந்த இடங்களை மரபுவழிப் பாட்டைக்கொண்டு நிரப்பிப் படித்தோரும் உளர். இக்கோட்டையிற் கிடைத்த பிறிதொரு கல்லில் கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதச் சாசனம் உண்டு. சக ஆண்டு 1145இல், அஃதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் இலங்கை வந்தமையை அது கூறுகின்றது. கோணேசர் கோயிலின் இடைக்கால வரலாற்றுக்கு எழுத்துவடிவில் எஞ்சிய மிகச் சில சான்றுகளுள் இவை அடங்கும். இரண்டையும் எமக்குத் தந்தது, கோயிலை விழுங்கிய அக்கோட்டையே.

சுவாமி மலையுச்சியில் நிற்கும் கற்றூண் மற்றொரு சான்று. அது பழைய கோயிலின் தூண் எனக் கருதப்படுவது. அதில் 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்த மொழிச் சாசனம் பிரான்சினா வான் றீட் என்னும் பெண்ணின் பெயரோடு பொறிக்கப்பட்டது. காதலனைப் பிரிந்து பாறையினின்றும் வீழ்ந்து மாண்டாள் என்னும் கதை அத்தூணைச் சுற்றி வளர்ந்தது. கதையின் மெய்ம்மை எதுவாயினும், தூண் ஒன்று. அதற்கு உரிமை கோரும் மொழிகளும் நினைவுகளும் பல. சொலட்டன் தொட்டி யூப்பிற்றரின் பீடமாகவும் கிறித்தவத் தொட்டியாகவும் ஒருங்கே படிக்கப்படுதல் போல, இத்தூணும் அதன் எல்லா நிலைகளிலும் படிக்கப்படல் வேண்டும்.

மறைத்தலும் மீளலும் ஈரிடத்தும் பொது. இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயரிலுள்ள டியர்ஹேர்ஸ்ற் தொட்டி, சுருள் வேலைப்பாடு மிக்க ஆங்கிலோ–சாக்சன் காலத்துக் கல். அதன் கிண்ணம் பண்ணையொன்றில் நீர்த்தொட்டியாய்க் கிடந்தது. அதன் அடித்தண்டு வேறோரிடத்தில் தோட்டத்திற் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் அடையாளங் காணப்பட்டு ஒன்றிணைந்தன. வில்ற்சயரின் பொற்றேண் தொட்டியும் அந்நூற்றாண்டில் நிலத்தினின்றும் தோண்டியெடுக்கப்பட்டதே. திருகோணமலையில் கோயில் இடிபட்ட வேளை திருவுருவங்கள் மறைக்கப்பட்டன என்பது மரபு. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அம்மரபோடு தொடர்புடையது. 1950இல் நகரில் கிணறு தோண்டியபொழுது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956ஐ அடுத்த ஆண்டுகளில் ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோர் சுவாமி மலையடியில் கடலின் கீழ்க் கிடந்த கட்டடக் கற்களைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறைத்தல் தகாது. இங்கிலாந்துத் தொட்டியை வெளியே எறிந்தோரும், பின்னர் உள்ளே கொணர்ந்தோரும் அவ்வூராரே. அது ஒரு குடும்பத்துப் பூசல். கோணேசர் கோயிலை இடித்தோர் கடல் கடந்து வந்த படையினர், மீட்டோர் இவ்வூரார். எனவே முன்னதன் ஊனம் கருத்து வேற்றுமைக்கும், பின்னதன் ஊனம் அடிமைப்பாட்டுக்கும் சான்றாகும். இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் நேர்மையன்று. ஆய்வு முறை பொதுவாகலாம், துயர் பொதுவன்று.

பட்டியலின் தேவை

தொட்டிகள் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதை இறுதியாக நோக்குவோம். 1839இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து இளைஞர் சிலர் கேம்டன் சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஊர் ஊராகச் செல்வோர் நிரப்பித் தரும் வண்ணம், தேவாலயத்தின் ஒவ்வொரு உறுப்பையும் பற்றிய வினாக்கள் அடங்கிய படிவங்களை அச்சிட்டு வழங்கினர். 1844இல் பேலி தொட்டிகளின் ஓவியத் தொகுப்பை வெளியிட்டார். 1908இல் பிரான்சிஸ் பொண்ட் தொட்டிகளையும் மூடிகளையும் வகைப்படுத்தி விரிவான நூல் எழுதினார். விளிம்பின் உடைவும் முகத்தின் சிதைவும் பொருள் பெற்றது இத்தகைய தொகுப்புகளாலேயே. ஒரு தொட்டியை மட்டும் கண்டவனுக்கு உடைந்த விளிம்பு ஊனம். நூறு தொட்டிகளைக் கண்டவனுக்கு அது 1236ஆம் ஆண்டு ஆணையின் தடம்.

அவ்வியக்கத்தின் குறையையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். தூய பழமையை மீட்கும் ஆர்வத்தினால், 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணியாளர் தேய்ந்த சிற்பங்களைப் புதிதாகச் செதுக்கினர். 18ஆம் நூற்றாண்டுத் தொட்டிகளை இழிந்தனவென அகற்றினர். பகைவர் உளி விட்டுவைத்ததை நண்பர் உளி அழித்த இடங்களும் உண்டு. பழைய கற்களுக்கு வண்ணம் பூசுதலையும், மேலே சீமெந்து இடுதலையும், பளிங்குக் கல் பதித்தலையும் திருப்பணி எனக் கொள்ளும் எமக்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் 1983 – 2009 காலப் போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாளைய கடற்கோளும் பல கட்டடங்களையும் ஆவணங்களையும் அவற்றை நினைவில் வைத்திருந்த மாந்தரையும் கொண்டு சென்றன. எஞ்சியவற்றையேனும் கல் கல்லாகப் பதிவு செய்தல் காலத்தின் கடமை. அப்பதிவு ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாய் அமைதல் ஆகாது. கோட்டைச் சுவரிற் காணும் கோயிற் கல், சிறுதேவாலயத்து மூலையில் நிற்கும் திருமுழுக்குத் தொட்டி, இடுகாட்டுக் கல்லறை, பள்ளிவாசலின் பழைய நீர்த்தொட்டி, கிணற்றடியில் துணி துவைக்கப் பயன்படும் செதுக்குக் கல் ஆகிய யாவும் அதில் இடம்பெறல் வேண்டும். கல்லின் அளவு, வகை, இப்போதைய இடம், எழுத்து, சின்னம் என்பவற்றோடு, எங்கே உடைந்துள்ளது, எவ்வாறு தேய்ந்துள்ளது, இன்று எதற்குப் பயன்படுகின்றது என்பனவும் எழுதப்படல் வேண்டும். படங்கள் எடுக்கப்படலாம், ஆனால் கல் மீது உளி படலாகாது.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அச்சிட்ட படிவமும் அளவு நாடாவும் ஊர்ப் பெரியோரை மதித்துக் கேட்கும் பண்பும் போதும். விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து கற்களைப் பதிவு செய்யினும், சில ஆண்டுகளில் இம்மாவட்டத்துக்கு ஒரு கற்பதிவேடு கிட்டும். எமது சங்கம் இப்பணியை முன்னெடுத்தல் சாலப் பொருத்தமாகும் என்பது எமது துணிபு.